உளுந்தூர்பேட்டையில் ஓர் இருட்டறை!

சென்னையில் பஸ் ஏறி திருச்சிக்கோ சேலத்துக்கோ போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் உளுந்தூர்பேட்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்... பாதித் தூக்கத்தில்! கண்ணைக் கசக்கிக்கொண்டு, 'எந்த ஊருங்க இது?' என்று கேட்டிருப்பீர்கள். பக்கத்து சீட்காரர் பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி தூங்கியிருப்பீர்கள். திருச்சி போகிறவர்கள் நேராக, சேலம் போகிறவர்கள் வலது பக்கம். அவ்வளவுதான் பலருக்கு இந்த ஊர். 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது விழுப்புரத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பதுகூட நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆனால் சித்திரை மாதம் வந்தால் போதும்... கேமராவும் கையுமாக ஒரு பெருங்கூட்டம் இங்கே இறங்கும். காரணம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் கூவாகம். கூத்தாண்டவர் கோயில் திருவிழா. மகாபாரதத்தின் அரவானைக் கணவனாக வரித்து, திருநங்கைகள் ராத்திரி தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தேர். அதன்பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவார்கள். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். அவர்களைப் படம் பிடிக்கவும் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள்.

எனக்கும் நண்பனுக்கும் ஒரு ஆசை. கூட்டத்துக்குள் புகுந்து 'டிக் டிக் டிக்' என்று ஆயிரம் படம் சுடாமல், ஆறே ஆறு முகங்கள். கேட்டு, உட்கார வைத்து, பெரிய மரக் கேமராவில் எடுப்பது. முந்தின வருஷம் பேச்சுவாக்கில் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "வருஷா வருஷம் எடுக்குறாங்க தம்பி. எம் மூஞ்சி எந்த ஊரு சுவத்துல தொங்குதோ எனக்கே தெரியாது. எடு. ஆனா படம் எங்கைக்கு வரணும்" என்றார். அதோடு இன்னொரு நிபந்தனையும் போட்டார். "மூஞ்சிய கறுப்பா அடிச்சிடாத!"

இந்த ரெண்டாவது நிபந்தனைதான் நாங்கள் உளுந்தூர்பேட்டை கடைத்தெருவில் எதை வாங்கினோம், எதை வாங்கவில்லை என்பதையே முடிவு செய்தது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஷீட் ஃபிலிம் என்றால் என்ன? உங்கள் அப்பாவின் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் இருப்பது ரோல் ஃபிலிம். ஒரு ரோலில் 36 படம். ஷீட் ஃபிலிம் அப்படி இல்லை. 4 அங்குலத்துக்கு 5 அங்குலம், ஏறக்குறைய போஸ்ட் கார்டு சைஸ். ஒரு தாள், ஒரு படம், அவ்வளவுதான். பரப்பளவில் சாதாரண ரோல் ஃபிலிமின் ஒரு ஃபிரேமைப்போல 15 மடங்கு. அந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கண் இமை முடியை எண்ணலாம்! ஒரு தாளின் விலைக்கு ஒரு பிரியாணி வாங்கலாம் என்பது அதன் சோகப் பக்கம். ஆறு முகம் என்றால் ஆறு தாள். சொதப்பினால் அடுத்த சித்திரைதான்.

ரோல் ஃபிலிம் கழுவித்தரும் லேப்களே அருகிவிட்ட காலம். ஷீட் ஃபிலிமை யாரிடம் கொடுப்பது? அதனால் நாமே நண்பன் வீட்டில் கழுவிவிடலாம் என்று முடிவு. இன்டர்நெட்டில் தேடினால் 'இந்த டேங்க் வாங்கு, அந்த டிரம் வாங்கு' என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. எல்லாம் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியது. அவர்கள் குழாயைத் திறந்தாலே 15 டிகிரியில் தண்ணீர் வரும். உளுந்தூர்பேட்டையில் சித்திரை மாச மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணியில் டீத்தூள் போட்டால் டீயே இறங்கிவிடும்!

அதனால் நாங்கள் பாத்திரத்தில் ஆரம்பிக்கவில்லை. ஃபிலிமில் ஆரம்பித்தோம். அடுத்து தண்ணீர். பாத்திரம் கடைசி.

சிவப்பு தெரியாத கண்

மலிவான வழி ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. எக்ஸ்ரே ஃபிலிம்! அதுவும் ஷீட் ஃபிலிம்தான். 8-க்கு-10 அங்குல எக்ஸ்ரே தாளை நாலாக வெட்டினால் கச்சிதமாக நாலு 4-க்கு-5 கிடைக்கும். உலகம் முழுக்கப் பெரிய கேமரா வைத்திருக்கும் காசில்லாத ஆசாமிகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருகாலத்தில் ஊட்டியிலேயே எக்ஸ்ரே ஃபிலிம் தயாரித்தோம். 1960-ல் தொடங்கிய 'ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்' என்ற அரசு கம்பெனி, 'இந்து' என்ற பெயரில் விற்றது. இப்போது அது மூடிக்கிடக்கிறது.

எக்ஸ்ரே ஃபிலிமில் பெரிய வசதி, மங்கலான சிவப்பு விளக்கிலேயே வேலை செய்யலாம். படம் மெள்ள மெள்ள எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த த்ரில்லுக்காகவே ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை: சாதாரண ஃபிலிமுக்கு ஒரு பக்கம்தான் மருந்துப் பூச்சு. வழக்கமான எக்ஸ்ரே ஃபிலிமுக்கு ரெண்டு பக்கமும். டிரேயின் அடியில் வரி வரியாக இருந்தால் அந்த வரியெல்லாம் படத்தில் கீறலாக விழும். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு, அதன்மேல் போடுவது தப்பிக்கும் வழி.

சரி, பிறகென்ன பிரச்னை? இந்த ஃபிலிம் சிவப்பு விளக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதற்குச் சிவப்பு தெரியாது என்பதுதான். நீலம் தெரியும், வகையைப் பொறுத்துப் பச்சையும் தெரியும். சிவப்பு என்றால் இருட்டு. நம்ம ஊர் மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் சிவப்புதான் தூக்கல். ஆக, எக்ஸ்ரே ஃபிலிமில் நம் முகங்கள் நிஜத்தைவிடப் பல மடங்கு கறுத்துவிடும். குங்குமம் கன்னங்கரேல். உதட்டுச் சாயம் கரி. கல்யாண ராத்திரியின் சிவப்புச் சேலை ஒரே இருட்டுக் குவியல்.

உளுந்தூர்பேட்டையில் ரொம்ப வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பரணில் ஒரு 'வாகீஸ்வரி' கேமரா தூசியோடு தூங்கிக்கொண்டிருந்தது. கேரளத்து ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940-களில் செய்ய ஆரம்பித்த மரக் கேமரா. அவருடையது இசைக்கருவி செய்யும் குடும்பம். ஒரு ஸ்டூடியோக்காரர் தன் கேமராவின் துருத்தி கிழிந்துபோய், 'ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடுறீங்களே, இதுக்கும் போட்டுத் தாங்க' என்று கேட்டு வந்ததில் ஆரம்பித்த கதை அது. முதல் கேமரா 250 ரூபாய். 1980-களின் நடுப்பகுதிவரை நாடு முழுக்கப் போனது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் எப்படி இயங்கின என்று தெரிய வேண்டுமானால், புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள்.

பெரியவரிடம் கறுப்பு மேட்டரைக் கேட்டேன். "அதுக்குத்தானே தம்பி டப்பா டப்பாவா பவுடர் வெச்சிருந்தோம்! அப்பவும் பத்தலைன்னா நெகட்டிவ்ல பென்சிலால தீத்துவோம். அப்படியே மூஞ்சி வெளுத்துரும்" என்றார். ஸ்டூடியோ பவுடருக்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் இருந்திருக்கிறது பாருங்கள்! (வெளுப்பு மோகம் என்ற இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைப்பானேன்.)

அக்காவின் நிபந்தனைக்கு இது ஒத்துவராது. பவுடரும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், அவர் நிறம் அவர் நிறமாகவே வர வேண்டும். அதற்கு எல்லா நிறமும் தெரிந்த 'பான்க்ரோமேட்டிக்' ஃபிலிம்தான் சரி. ஹெச்.பி.5 என்ற இல்ஃபோர்டு கம்பெனியின் தாளை முடிவு செய்தோம். எக்ஸ்ரே ஃபிலிம் ஒத்திகைக்கு மட்டும்.

இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. எல்லா நிறமும் தெரிந்த ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் தெரியும். ஆக, விளக்கே கிடையாது. கும்மிருட்டு. நண்பன் வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் ரூம், அரிசி மூட்டைக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவே. கதவிடுக்கில் பழைய போர்வை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியபின் எங்கிருந்தெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். கூவாகம் திருவிழா பௌர்ணமியை ஒட்டி வருவது. நிலா வெளிச்சமே ஓட்டு இடுக்கு வழியாக வந்து எட்டிப்பார்த்தது. மேலே இன்னொரு போர்வை!

தண்ணி காட்டிய தண்ணி

ஃபிலிம் கழுவும் கணக்கெல்லாம் 20 டிகிரியை வைத்துத்தான். டி-76 என்ற டெவலப்பரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் ஹெச்.பி.5-க்கு 20 டிகிரியில் 11 நிமிஷம். ஒரு டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய 10 சதவிகிதம் குறையும். 24 டிகிரியில் சுமார் ஏழரை நிமிஷம். அதே கணக்கை 34 டிகிரிக்கு இழுத்தால் ரெண்டரை நிமிஷத்தில் வந்து நிற்கும். 'அட, சீக்கிரம் முடிஞ்சுடுமே!' என்கிறீர்களா? அதுதான் வம்பு. டெவலப்பர் தாள் முழுக்கச் சமமாகப் பரவ நேரம் வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத் திட்டாக வரும், கன்னத்தில் வரி விழும். சூடான தண்ணீரில் ஜெலட்டின் பூச்சும் ஊறி இளகிவிடும். நகம் பட்டால் போச்சு.

இந்த வெயிலோடு மல்லுக்கட்டுவது புதுசும் இல்லை. 1857 டிசம்பரில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராகப் பெங்களூரிலிருந்து கிளம்பினார். சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் பயன்படுத்தியது ஃபிலிம் இல்லை, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் சுமார் 12-க்கு-15 அங்குலம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அவருடைய ஆல்பங்கள் 1858-ல் வெளிவந்தன. செலவு ஜாஸ்தி என்று அடுத்த வருஷமே அரசாங்கம் கடையைக் கட்டச் சொல்லிவிட்டது. டிசம்பரில் கிளம்பிய மனுஷன் விவரமானவர்தான். நமக்கு அந்தச் சலுகை இல்லை. கூவாகம் சித்திரையில்தான் வரும்!

'கல்வராயன் மலைக்குப் போயிடலாம்டா' என்று நண்பன் ஒரு யோசனை சொன்னான். வெள்ளிமலைப் பக்கம் விடியற்காலையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், உண்மைதான். ஆனால் மலையில் கழுவினால் கழுவிய மருந்து எங்கே போகும்? ஓடையில்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சமதளத்திலேயே சமாளித்த விதம் இது. பிளஸ் ஒன் இயற்பியலைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். 10 லிட்டர் தண்ணீரை 34 டிகிரியிலிருந்து 24-க்கு இறக்க 100 கிலோகலோரியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி. உருகிய தண்ணீர் 24 டிகிரிக்கு ஏற இன்னொரு 24. ஆக, ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு கிலோ ஐஸ், கணக்கு டாலி! 'இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் யூஸ் ஆகப்போகுது?' என்று வாத்தியாரைக் கேட்டவர்கள் கவனிக்கவும். ஜூஸ் கடையில் நாலு கிலோ ஐஸ் சொல்லி வைத்தோம். அதை மருந்துக்குள் போடக் கூடாது, கலவை நீர்த்துவிடும். பக்கெட் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீருக்குள் மருந்து பாட்டில்களை நிறுத்த வேண்டும். நண்பனின் அம்மா கொடுத்த மண்பானை முதல் சில டிகிரியை இலவசமாகவே இறக்கித் தந்தது. ஐஸ் செலவு மிச்சம்.

எங்கள் இலக்கு 20 இல்லை, 24. அதற்குக் கீழே இறக்கினால் அறைச் சூடு மறுபடி ஏற்றிவிடும், பின்னாலேயே ஓட வேண்டும். டெவலப்பர், நடுவில் அலசும் தண்ணீர், ஃபிக்ஸர், கடைசிக் கழுவல்... எல்லாம் ஒரே 24. ஜில்லென்ற டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான குழாய்த் தண்ணீரில் காட்டினால் பூச்சு சுருங்கி, காய்ந்த ஏரி மாதிரி ஆகலாம்.

இங்கே நிலத்தடித் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காத தண்ணீர் ஃபிலிமுக்கும் ஆகாது, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி வைக்கும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர். நடுவில் கழுவுவதற்கு மட்டும் போர்வெல்.

குழாய்க் கடை

இனிதான் பாத்திரம். இருப்பவை மொத்தம் நாலு வழி.

டிரே பழைய வழி. மூணு டிரே போதும், இருட்டில் தாளைக் கையாலேயே புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தாள் என்றால் சுகம். ஆறு தாளை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் மூலை இன்னொன்றின் முகத்தைக் கீறும். அந்த 'ஒன்று' யாருடைய முகம் என்று நினைத்தபோது எனக்குத் தைரியம் வரவில்லை. டெவலப்பரில் இருக்கும் மெட்டால் சிலர் கையில் அரிப்பைக் கிளப்பும், கையுறை கட்டாயம்.

இரண்டாவது, ஸ்டீல் ஹேங்கரும் தொட்டியும். எக்ஸ்ரே மையங்களில் நாலு மூலையிலும் கிளிப் வைத்த சட்டம் பார்த்திருப்பீர்கள், அதேதான். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதால் இந்தச் சட்டங்கள் மூலையில் துருப்பிடிக்காமல் சும்மா கிடக்கின்றன. கேட்டால் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும். நாங்கள் போன மையத்தில் இருந்த அண்ணன் ரெண்டு சட்டத்தைச் சும்மாவே கொடுத்தார். ஆனால் தொட்டியை நிரப்ப லிட்டர் கணக்கில் மருந்து வேண்டும், அத்தனை லிட்டரையும் குளிர வைக்கவும் வேண்டும். ஆறு தாளுக்கு அது யானைக்குச் சோளப்பொரி இல்லை, எலிக்கு அண்டா! தினமும் இருபது தாள் கழுவுகிறவர்களுக்குச் சரி. (சட்டங்கள் 8-க்கு-10 ஒத்திகைத் தாளைக் காயவைக்கப் பிரமாதமாக உதவின.)

மூன்றாவது, வெளிநாட்டு டேங்க். எஸ்.பி.-445 என்று ஒன்று இருக்கிறது, நாலு தாளுக்கு அரை லிட்டருக்கும் குறைவான மருந்து போதும். சாதாரண பேட்டர்சன் டேங்குக்குள் செருகும் 'மாட் 54' என்ற சட்டம் ஆறு தாள் பிடிக்கும், ஒரு லிட்டர் கேட்கும். ரெண்டுமே, தாளை உள்ளே போட்டு மூடிவிட்டால் மீதி வேலையை வெளிச்சத்திலேயே செய்யலாம் என்ற ரகம். ஹாஸ்டல் வாசிகளுக்கு, இருட்டறையே கிடைக்காதவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் போட்டால் தலை சுற்றும் என்பதால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

நாலாவதுதான் எங்களுடையது. பி.வி.சி. குழாய்!

விவசாயம் நடக்கிற ஊரில் மோட்டார் குழாய்க் கடைக்கா பஞ்சம்? தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் நுழைத்து, மருந்து ஊற்றி, மூடி, தண்ணீரில் மிதக்கவிட்டு உருட்டுவது. தாளுக்கு ஒரு குழாய், ஒன்றை ஒன்று தொடவே தொடாது. வெளியே ஐஸ் போட்ட தண்ணீர் இருப்பதால் உள்ளே சூடு ஏறாது. உளுந்தூர்பேட்டை வெயிலுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது, ஆனால் அமெரிக்கர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான்.

அளவு முக்கியம். தாளின் 4 அங்குலப் பக்கம் 102 மில்லிமீட்டர். அது குழாயின் உள்சுற்றுக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடங்க வேண்டும். 40 மி.மீ. குழாயின் உள்விட்டம் சுமார் 36, அதாவது உள்சுற்று 113. பொருந்திவிட்டது! நீளம் 6 அங்குலம் வெட்டினோம். ஒரு பக்கம் மூடியைப் பசை போட்டு ஒட்டி, மறுபக்கம் மரை வைத்த மூடி, டெஃப்லான் டேப் சுற்றி. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் வழவழவென்று தேய்ப்பது ரொம்ப அவசியம், இல்லையென்றால் தாளை உள்ளே தள்ளும்போதே கீறும்.

"எந்த மோட்டாருக்கு தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன்.

"மோட்டாருக்கு இல்லண்ணே, போட்டோவுக்கு."

மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப வெள்ளைக் கொழா எடுத்துக்கோ, பளிச்சுன்னு இருக்கும்" என்றார். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். வெள்ளைக் குழாய் லேசாக வெளிச்சத்தை உள்ளே விடும். மொபைல் டார்ச்சை ஒரு துண்டுக் குழாய்க்குள் போட்டு இருட்டில் பார்த்தால் குழாயே டியூப் லைட் மாதிரி ஒளிர்கிறது! விவசாயத்துக்கான சாம்பல் நிறக் குழாய் எவ்வளவோ மேல். அதன்மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஆறு குழாய், பன்னிரண்டு மூடி, டேப், பசை எல்லாம் சேர்த்தும் ரெண்டு தாள் ஃபிலிம் வாங்குகிற காசுக்குள் அடங்கிவிட்டது.

ஒரு குழாய்க்கு 120 மில்லி: 60 டெவலப்பர், 60 தண்ணீர். அதைவிடக் குறைத்தால் பாதியிலேயே மருந்துக்குச் சக்தி தீர்ந்துவிடும். பூச்சு உள்பக்கம் பார்க்க வேண்டும். இருட்டில் எது பூச்சுப் பக்கம்? தாளை நிமிர்த்திப் பிடித்து, ஓரத்தில் இருக்கும் வெட்டு வலது கை மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் பூச்சு உங்களைப் பார்க்கிறது. ஃபிக்ஸரைக் குழாயில் ஊற்றவில்லை. தாளின் முதுகு குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே மருந்து சரியாகப் போகாது. நேரம் முடிந்ததும் மறுபடி விளக்கை அணைத்து, ஒவ்வொரு தாளாக டிரேயில் அலசி, ஃபிக்ஸர் டிரேக்கு மாற்றினோம்.

சில்லறைச் சாமான்களில் ஒரு காமெடி. மெடிக்கல் ஷாப்பில் 'தெர்மாமீட்டர்' கேட்டால் ஜுரம் பார்ப்பதைத்தான் கொடுப்பார்கள், அது 35-க்கு மேல்தான் ஆரம்பிக்கும். காலேஜ் லேபில் இருக்கும் ஆல்கஹால் தெர்மாமீட்டர்தான் வேண்டும். மருந்து அளக்க அதே மெடிக்கல் ஷாப்பில் பெரிய சிரிஞ்சும், மில்லி கோடு போட்ட குழந்தைப் பால் பாட்டிலும் கிடைத்தன. டெவலப்பரை நாங்களே கலந்தோம்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோக்வினோன் 5, போராக்ஸ் 2. போராக்ஸ் வேறொன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடையின் வெங்காரம்தான்! மீதி மூன்றும் கெமிக்கல் கடையில். 2 கிராம் நிறுக்க நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் குட்டித் தராசு. சமையல் பாத்திரம், கரண்டி எதையும் தொடாதீர்கள். தொட்டால் திரும்பச் சமையலுக்கு அனுப்பாதீர்கள். நண்பனின் அம்மா இதை இன்னும் காட்டமாகச் சொன்னார்.

நேரம் பார்க்க மொபைல் ஆகாது, திரை வெளிச்சம் ஃபிலிமைக் கெடுக்கும். நண்பன் தன் குரலிலேயே 'ஒண்ணு... ரெண்டு... மூணாவது நிமிஷம்... இப்ப உருட்டு' என்று பதிவு செய்து, போனைப் பக்கத்து ரூமில் அலறவிட்டான். நல்ல ஏற்பாடு, ஆனால் வீட்டில் எல்லோரும் டி.வி-யை அணைக்க வேண்டியிருந்தது.

திருவிழாவன்று கோயில் பக்கம் நாங்கள் போகவில்லை. தாலி அறுக்கும் இடத்துக்கும் போகவில்லை. வயல் ஓரமாக ஒரு வேப்பமர நிழலில் கேமராவை நிறுத்தி, நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். விருப்பப்பட்டவர்கள் வந்தார்கள். பெரிய கேமரா என்பதால் ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் முகத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது 'உள்ள என்னடா பண்ற?' என்று கேட்டு அவர்களும் துணிக்குள் எட்டிப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாக எடுக்கவே முடியாத கேமரா இது. அந்த அக்கா மூன்றாவதாக உட்கார்ந்தார். பவுடர் போட்டுக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்தார்.

மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டோர் ரூம். மண்பானைத் தண்ணீர், ஐஸ், 24 டிகிரி. ஆறு குழாய்களும் பக்கெட்டில் உருண்டன. ஃபிக்ஸருக்குப் போய் மூன்று நிமிஷம் கழித்து விளக்கைப் போட்டோம். ஆறும் வந்திருந்தன. நெகட்டிவ் என்பதால் எல்லோருக்கும் வெள்ளை முடி, கறுப்புப் பற்கள். குளிக்கும் அறையில் சுடுதண்ணி விட்டு ஆவியில் தூசியை அடக்கிவிட்டு, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.

பயன்படுத்திய ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றவில்லை. ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே மையங்களில் பழைய ஃபிக்ஸரை வெள்ளி எடுப்பதற்காகவே வந்து வாங்கிப்போவார்கள். சட்டம் கொடுத்த அண்ணனிடமே கேனில் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவருடைய கேனோடு கலந்துகொண்டார்.

பிரிண்ட் போடப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. நெகட்டிவே போஸ்ட் கார்டு சைஸ் என்பதால், போட்டோ பேப்பர் மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி, பல்பை ரெண்டு விநாடி போட்டு அணைத்தால் போதும். இந்த வேலைக்குச் சிவப்பு விளக்கு தாராளமாகப் போடலாம். அக்காவின் படத்தில் குங்குமம் சாம்பல் நிறமாகத் தனியாகத் தெரிகிறது. கன்னம் கன்னமாக இருக்கிறது. தபாலில் அனுப்பினோம். போனில், 'வந்துச்சு. கண்ணு கீழ சுருக்கம்லாம் தெரியுதேடா, பாவி!' என்று திட்டினார்.

ஆறில் ஐந்து பிரிண்ட்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆறாவது படத்தில் இருப்பவர் விலாசம் கொடுக்கவில்லை, போன் நம்பர் மட்டும்தான் கொடுத்தார். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. பிரிண்ட் ஒரு கவரில் நண்பன் வீட்டு ஸ்டோர் ரூமில், குழாய்களோடு சேர்ந்து அடுத்த சித்திரைவரை இருக்கும்.